ஒன்பதாம் அறையில் தமயந்தி அக்கா

தமயந்தி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய கண்கள் கட்டப்பட்டிருந்தன. அது 2024 ஜனவரி மாதம். பொம்மசந்திராவில் பம்பு செய்யும் எங்கள் கம்பெனியில் குடும்ப விழா. அட்மின் பிரிவில் சேர்ந்து ஒன்றரை வருடமே ஆகியிருந்த என்னிடம், மேடை நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். பாட்டுக் கச்சேரி வேண்டாம், மிமிக்ரி போன வருடம் பார்த்தாயிற்று, புதிதாக ஏதாவது கொண்டு வா என்றார் மேனேஜர். யாரோ கொடுத்த நம்பரில் கிடைத்தவர்தான் இராஜமாணிக்கம் சார். போனில் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"மேஜிக் இல்லப்பா. புறாவும் கிடையாது, முயலும் கிடையாது. ஒற்றர் கதை. மனசால வேவு பார்க்கிற கதை. நான் சொல்லுவேன், எங்க வீட்டம்மா பார்ப்பாங்க."

விழா நாளில் கணவனும் மனைவியுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவருக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு இருக்கும். அக்கா மூன்று நான்கு வயது சிறியவர். மடக்கு மேசை ஒன்று, சுருட்டிய படப் பலகை ஒன்று, சிவப்பு நாடா கட்டிய தடித்த பழுப்புக் கோப்பு ஒன்று. அவ்வளவுதான் சாமான். ஹெச்ஆர் பிரிவின் சிந்து என் காதோடு, "ராஜேஷ், மேஜிக் ஷோவுக்கு ஆள் கூப்பிடச் சொன்னா, தாலுகா ஆபீஸ்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வந்திருக்க" என்றாள்.

ஆனால் அவர் பேசத் தொடங்கியதும் கூட்டம் அடங்கிவிட்டது. ஒரு வரி தமிழ், ஒரு வரி கன்னடம். எல்லைக்கு அப்பால் எங்கேயோ ஒரு இடம். விமானம் போக முடியாது, ஆள் போக முடியாது. அதனால் ஓர் அரசாங்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஒரு பெண்ணை உட்கார வைத்தது. அந்த அறைக்கு நம்பர் ஒன்பது. மூடிய உறையை அவள் முன்னால் வைப்பார்கள். உள்ளே இருப்பது வெறும் எண்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று வரைந்து கொடுப்பாள். "எந்த நாடுன்னு கேக்காதீங்க. அப்படி ஒரு நாடே கிடையாது. இது நான் கட்டின கதை" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் கூட்டம் நம்பியது.

பலகையில் வரிசையாகப் பதினாறு படங்கள். பாலம், கலங்கரை விளக்கம், ரயில் நிலையம் என்று. கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து சத்தம் போடாமல் ஒரு படத்தைத் தொட வேண்டும். பலகைக்கு முதுகைக் காட்டி, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார். சார் உறையை மேசையில் வைப்பார். கைகட்டிக் கூட்டத்தைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார். பிறகு பேனா மூடியைத் திறந்து அவர் கையில் கொடுப்பார். அக்கா வரைவார்.

முதலில் ரயில் நிலையம். சரி. அடுத்து அணை. அதுவும் சரி. மூன்றாவதாக எங்கள் கேன்டீன்காரர் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார். அக்கா புகைபோக்கி வரைந்தார். சார் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "எதிரி கெட்டிக்காரன். தண்ணித் தொட்டிய புகைபோக்கி மாதிரி வேஷம் போட்டு வெச்சிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவதாக ஒருவர் ஆலமரத்தைத் தொட்டார். அக்கா படகு வரைந்தார். இந்த முறை சாரிடம் வசனம் இல்லை. கூட்டத்தில் சலசலப்பு. அவசரமாக இன்னொருவரைக் கூப்பிட்டு, கலங்கரை விளக்கத்தைச் சரியாக வரைய வைத்து முடித்தார்.

கண்கட்டை அவிழ்த்ததும் அக்கா முதலில் பார்த்தது கூட்டத்தை அல்ல, கணவரின் முகத்தை. அவர் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உன் சைக்கிக் அக்காவுக்கு டவர் சரியா கிடைக்கல போல" என்றாள் சிந்து.

எனக்கு அந்த மர்மம் விடவில்லை. போளூர் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் குடும்பத்தில், பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று எழுதும் முதல் ஆள் நான். திருவண்ணாமலை அரசுக் கல்லூரியில் இயற்பியல். அந்தப் பட்டம் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குச் சமமாக மாட்டியிருக்கிறது. மனசால் பார்ப்பது என்று ஒன்று இல்லையென்றால், அது எப்படி நடக்கிறது என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். விழாவின் வீடியோ என்னிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

சார் பேசவே இல்லை. கையும் ஆடவில்லை. உறையை வைக்கும்போது மேசையில் ஒரு சத்தம், மூடியைத் திறக்கும்போது ஒரு சத்தம், அவ்வளவுதான். நடுவில் மௌனம். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த மௌனம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீளம். அளந்தேன். பலகையில் மூன்றாவதாக இருந்த படத்துக்கு நான்கு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது படத்துக்கு ஆறேகால். பன்னிரண்டாவது படத்துக்குச் சரியாகப் பதினைந்து. படத்தின் எண்ணை ஒன்றேகாலால் பெருக்கினால் மௌனத்தின் நீளம் வந்துவிடும். இருவரும் ஒரே வேகத்தில் மனசுக்குள் எண்ணுகிறார்கள். உறை வைத்ததும் ஆரம்பம், மூடி திறந்ததும் முடிவு.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தண்ணீர்த் தொட்டி பன்னிரண்டாவது படம். அக்கா வரைந்த புகைபோக்கி பதினொன்று. ஆலமரம் பதினான்கு. படகு பதின்மூன்று. இரண்டு தப்பும் ஒரே மாதிரித் தப்பு. சின்ன எண்ணில் சரி, பெரிய எண்ணில் ஒன்று குறைவு. லேபில் ஊசல் மெதுவாக ஆடினால் பிழை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

இதை நோட்டில் அட்டவணை போட்டு எழுதிக்கொண்டு, அடுத்த ஞாயிறு சந்தாபுராவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியவனைப் போலத்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டு லட்சுமம்மா அக்காவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வணக்கம் மேடம்" என்றேன்.

"மேடமா? இருபது வருஷம் பிரஸ் ஷாப்ல வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் 'ஏய் மூணாம் நம்பர்'னு கூப்பிடுவான். அக்கான்னு கூப்பிடுப்பா, போதும்."

காபி வந்தது. டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார். அப்போது அது மரியாதை என்று நினைத்தேன்.

நோட்டைத் திறந்து நான் விளக்கினேன். ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று சார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"பதினோரு வருஷத்துல எத்தனையோ பேர் கேட்டாங்க. செருப்புல கம்பி இருக்கா, காதுல மிஷின் இருக்கான்னு. நான் பேசாம நிக்கிறதுதான் பேச்சுன்னு நீதாம்பா சொல்லிருக்க."

"ஆனா அந்த ஒன்றேகால் செகண்ட் எங்கேர்ந்து வந்துச்சு, சார்?"

அதற்கு அக்காதான் பதில் சொன்னார். பீன்யாவில் வாஷர் அடிக்கும் ஒரு பட்டறை. மூன்றாம் நம்பர் பிரஸ் நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு அடி அடிக்கும். தகட்டுச் சுருளை அதற்குள் விடுவது அக்காவின் வேலை. நூறு அடிக்கு ஒரு வாஷரை எடுத்து அளவு பார்ப்பது சாரின் வேலை. அதனால் இருவருமே நூறு நூறாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"நூறாவது வாஷர நானே எடுத்து, திரும்பிப் பார்க்காம கைய நீட்டுவேன். சரியா அப்ப இவர் வந்து நிப்பார். அப்படியே ஒரு வருஷம் போச்சு. ஒரு நாளு வாஷர வாங்கிட்டு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல."

"கேட்டுச்சு. அடுத்த நூறு வரைக்கும் பதில் சொல்லல" என்றார் சார்.

பட்டறையின் ஆயுதபூஜைக்கு சார் சீட்டு வித்தை காட்டுவாராம். எடுபடவில்லை. சில நாடுகள் மனசால் வேவு பார்க்க ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தன என்று ஒரு பத்திரிகைத் துணுக்கைப் படித்துவிட்டு, அதை வைத்துக் கதை செய்தார். வித்தைதான் கிடைக்கவில்லை. "நம்ம எண்ணிக்கை இருக்கேங்க" என்று சொன்னது அக்கா. விரல் கணுக்களில் கட்டை விரலை வைத்து எண்ணுவது அவர் பழக்கம். ஒரு கையில் பன்னிரண்டு கணு. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

"பதினோரு வருஷமா அந்தக் கதைப் பொம்பள ஒன்பதாம் ரூமுலயே கெடக்கா. ஒரு வாய் காபி தர மாட்டார் இவர். கடைசியில வீட்டுக்கு அனுப்புங்கன்னா கேக்க மாட்டேங்கிறார்" என்றார் அக்கா.

"அவ வெளிய வந்தா கதை முடிஞ்சிரும், தமயந்தி."

பிறகுதான் சார் என் நோட்டை மறுபடி கையில் எடுத்தார். இரண்டு தப்பும் ஒன்று குறைவு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "ரெண்டுமேவா?" என்று கேட்டார். ஆறேழு மாதமாகவே நிகழ்ச்சியில் தப்பு வந்துகொண்டிருந்ததாம். கவனம் இல்லை, மனசு வேறெங்கோ இருக்கிறது என்று அக்காவைத் திட்டியிருக்கிறார். தப்பு நடந்த நாட்களில் சில்க் போர்டு ஸ்டாப்பில் பஸ் ஏறினால் சந்தாபுரா வரும்வரை பேச மாட்டாராம். இப்போது அவர் முகம் தெளிந்தது. கவனக் குறைவு என்றால் தப்பு கண்டபடி வர வேண்டும். இது ஒரே மாதிரி வருகிறது. அப்படியானால் இது கவனம் இல்லை, வேகம்.

"பிரஸ்ஸ விட்டு வந்து ஆறு வருஷம் ஆச்சில்ல. காதுல இருந்த அடி எறங்கிப் போச்சு. அவ்வளவுதான் விஷயம். பீன்யாவுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்னு கேட்டா செட் ஆயிடும்."

அக்கா காபி டம்ளர்களை எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். மெஜஸ்டிக் வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. ஸ்டாப்வாட்சுக்கு ஆள் வேண்டும் என்று சார் என்னையும் கூப்பிட்டிருந்தார். பட்டறைக்கு எதிரில் டீக்கடை. தகரக் கூரைக்கு உள்ளேயிருந்து அடி விழும் சத்தம் தரையின் வழியாக வந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நம்ம மூணாம் நம்பர்தாங்க அது. கிளட்ச் இன்னும் அதே மாதிரி இழுக்குது."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மேடையில்கூட நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு சத்தம் எட்டாத அடுத்த தெருவுக்கு நடந்தோம். பழைய பரீட்சைதான். ஒரே நேரத்தில் தொடங்கி நூறு வரை எண்ண வேண்டும். நூறு வந்ததும் கையைத் தூக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு கையும் சேர்ந்து எழும் என்றார் சார்.

நான் கைதட்டினேன். எண்ணத் தொடங்கினார்கள். நூற்றிருபத்தைந்தாவது நொடியில் சாரின் கை எழுந்தது. போன் காட்டிய நேரத்தோடு இம்மியும் பிசகவில்லை. அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கட்டை விரல் கணுக்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் நின்று நின்று ஏறியது. சார் பார்த்தார். தூக்கிய கையை மெதுவாக இறக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு அக்காவின் கை எழுந்தது.

கண்ணைத் திறந்து என்னைக் கேட்டார். "எவ்ளோ ராஜேஷ்?"

"பன்னெண்டு செகண்ட் லேட், அக்கா."

சரியான விடை சொல்லியே பழகியவன். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம்.

அக்கா வலது கையை நீட்டிக் காட்டினார். இதுவரை முந்தானைக்குள்ளேயே பார்த்த கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதைப் போல் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"மனசுல மிஷின் சரியாத்தாங்க அடிக்குது. இந்த விரல்தான் கூப்பிட்டா வர மாட்டேங்குது. அது வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன். விரல் இல்லாம எண்ணிப் பார்த்தேன், அப்ப ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது."

"எப்பத்துலேர்ந்து?" என்றார் சார்.

"ரொம்ப நாளா."

"ஏம்மா சொல்லல?"

அக்கா செருப்பை மாட்டிக்கொள்ள முயன்றார். கால் விரல் வாரில் நுழையவில்லை. சார் குனிந்து மாட்டிவிட்டார். குனிந்திருந்த அவரிடம்தான் அக்கா சொன்னார்.

"சொன்னா ஷோ வேணாம்பீங்க. இருபது வருஷம் அந்த ஷெட்டுல நின்னேன், ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்தாத்தான் ஊரு என்னப் பார்க்குது. அந்த நாற்காலிய விட்டு நான் எங்க போவேன்?"

அதன் பிறகு ஓசூர் ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே சீட்டு வாங்குவது, எந்த அறை எங்கே என்று பார்ப்பது, இங்கிலீஷில் எழுதியதைப் படித்துச் சொல்வது இதற்கெல்லாம் நான் உடன் போனேன். டாக்டர் ஓர் இளம் பெண், தமிழ் நன்றாகப் பேசினார். அக்காவை நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். ஒரு தாளில் பெயர் எழுதச் சொன்னார். தமயந்தி என்ற ஐந்து எழுத்தும் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயின.

"இதுக்கு முந்தி எழுதினது, வரைஞ்சது ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

சாரின் பையில் அந்தப் பழுப்புக் கோப்பு இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அக்கா வரைந்த தாள்களை, அடியில் தேதியும் இடமும் போட்டு அதில் சேர்ப்பது அவர் வழக்கம். மேடையில் நாடாவை அவிழ்த்து, 'ஒன்பதாம் அறையின் ஆவணங்கள்' என்று தூக்கிக் காட்டுவார். டாக்டர் மேசையில் இடம் செய்து பாலம் படங்களை மட்டும் எடுத்து வரிசையாகப் பரப்பினார். முதல் வருடத்துப் பாலம் தாளின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடிந்தது. அதன் கீழே ஆறு, ஆற்றில் அலை. ஏழாவது வருடம் வரை அப்படித்தான். பிறகு பாலம் குறுகியது. ஆறு காணாமல் போனது. கடைசித் தாளில் பாலம் ஒரு தீப்பெட்டி அளவுக்கு, ஒரு மூலையில் இருந்தது. கோடு நடுங்கியிருந்தது.

டாக்டர் நடுவில் ஒரு தாளின் மேல் பேனாவை வைத்தார். "இங்கேயே ஆரம்பிச்சிருக்கு. நாலு வருஷம் இருக்கும்." நோயின் பெயரையும் சொன்னார். பார்க்கின்சன்ஸ். குணமாகாது, மாத்திரையால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம் என்றார்.

சார் அந்தத் தாளின் அடியில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தேதி போட்டேன்" என்றார். பிறகு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். அக்காதான் பேசினார். "விடுங்க. தூரத்துல இருக்கிறதப் பார்க்கத்தான நமக்கு டிரெயினிங்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

மாத்திரை தொடங்கியபின் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். மேடையில் தப்பானால் இவளுக்கு அவமானம் என்று சார் மறுத்தார். தப்பானால் ஆகட்டும், எதிரி வேஷம் போட்டான்னு சொல்லுங்க என்றார் அக்கா. இந்த வழக்கு ஆறு மாதம் நடந்தது. கடைசியில் சந்தாபுராவில் ஒரு சின்னப் பட்டறையின் ஆயுதபூஜைக்கு ஒப்புக்கொண்டார்.

அக்காவின் வேகத்தைத் தான் கற்றுக்கொள்வது என்று சார் முடிவு செய்தார். தினமும் காலையில் அக்கா தட்டில் தாளம் போட, அவர் கூடவே எண்ணுவார். ஆனால் அந்த வேகம் நிலையாக இல்லை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் விரல் ஓடும், பிறகு இழுக்கும். மாத்திரை நேரத்தை வைத்து ஒரு கிராப் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா. ஆனா இவ இன்னிக்கு எப்படி இருக்காங்கிறது இதுல வராது" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆயுதபூஜை அன்று காலை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். அக்கா பட்டுப் புடவை கட்டியிருந்தார். கண்ணைக் கட்டியதும் வலது கையை முந்தானைக்குள் வைக்காமல் மடிமேல் வெளியே வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எண்ணுவதையே சார் விட்டுவிட்டார். எத்தனையோ மேடைகளில் உறையை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நின்றவர், அன்று அக்காவின் விரலைப் பார்த்து நின்றார். கட்டை விரல் எந்தக் கணுவுக்கு வர வேண்டுமோ அந்தக் கணுவுக்கு வந்ததும் மூடியைத் திறந்தார்.

முதலில் நான்காவது படம். நிமிஷம் போல நீண்ட மௌனத்துக்குப் பிறகு அக்கா கோயில் கோபுரம் வரைந்தார். சரி. அடுத்து ஒன்பது, தேயிலைத் தோட்டம். அதுவும் சரி. கைதட்டினார்கள். கண்கட்டுக்குக் கீழே அக்காவின் உதடு சிரித்தது.

மூன்றாவது ஆள் வந்து தொட்டது ஆலமரத்தை. பதினான்கு.

உறை வைக்கப்பட்டது. விரல் கணுக்களில் ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நின்றது. நடுங்கியது, ஆனால் ஏறவில்லை. சார் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"அக்கா தூங்கிட்டாங்க, எழுப்புப்பா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

சார் நினைத்திருந்தால் மூடியைத் திறந்திருக்கலாம். எட்டாவது படத்தை அக்கா வரைந்திருப்பார், எதிரி வேஷம் போட்டான் என்று முடித்திருக்கலாம். அவர் பேனாவைப் பைக்குள் வைத்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷம் நான் ஒரு கதைய அரைகுறையாச் சொல்லிட்டிருந்தேன். அந்த அறைக்கு வெளிய ஒரு அதிகாரி நின்னான். உறைய உள்ள வெப்பான், படத்த வாங்குவான், ஃபைல்ல போடுவான். படம் தப்பா வந்தா அவளத்தான் திட்டுவான். உள்ள இருக்கிறவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னிக்கு அவன் கதவத் திறந்தான். போதும்மா, வா, வீட்டுக்குப் போலாம்னு சொன்னான். கதை அவ்வளவுதான்."

சொல்லும்போதே அக்காவின் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தார். வெளிச்சத்துக்கு அக்கா கண்ணைச் சுருக்கினார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அது கதையின் முடிவு என்றே நினைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்ததால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"எத்தனாவதுங்க?"

"பதினாலு. ஆலமரம்."

"நான் எட்டுல நிக்கிறேன்."

"தெரியும். பார்த்துட்டுத்தான் நின்னேன்."

அக்கா உடனே எழவில்லை. கூட்டத்தை ஒரு முறை, இடமிருந்து வலம் வரை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அன்று அக்கா வரையாமல் விட்ட மூன்றாவது தாளின் அடியில் சார் தேதியையும் இடத்தையும் எழுதி, கோப்பில் சேர்த்தார்.

அதுதான் அவர்களுடைய கடைசி நிகழ்ச்சி. சாரை வேறு ஆளை வைத்துச் செய்யச் சொல்லி இரண்டு மூன்று பேர் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

தமயந்தி அக்கா இப்போது சந்தாபுராவில் அதே வீட்டில் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் வாசல் வரை நடப்பார். பேச்சு மெல்லியதாகிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். காலையில் லட்சுமம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். இராஜமாணிக்கம் சார் பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் அளவு பார்க்கும் வேலையில் காலை ஷிப்டு மட்டும் போகிறார், இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.